தானாக இறங்கிய ஷட்டர்

காரின் டிக்கிக்குள் குனிந்து நண்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்த ஜான்சி, ஐஸ் போதாது என்று தோன்றியதும் ஃப்ரீசர் பக்கம் நகர்ந்தாள். அப்படி நகர்ந்ததால்தான் தப்பினாள். தலைக்கு மேலே மோட்டார் உறுமியது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஷட்டர் கடகடவென்று இறங்கி, திறந்து நின்ற டிக்கிக் கதவின் மேல் உட்கார்ந்துவிட்டது.

கதவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. கீல் முனகிற்று. பிறகு பின்கண்ணாடி பட்டென்று வெடித்துப் பொடிப்பொடியாகி, வரிசையாக அடுக்கியிருந்த மீன் பெட்டிகளுக்குள் கொட்டியது.

ஜான்சி பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பொத்தானை அடித்தாள். ஷட்டர் நின்றது.  சற்று முன்பு அவள் கழுத்து இருந்த இடத்தில்தான் இப்போது அந்தக் கதவு வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிகளை எட்டிப் பார்த்தாள். வஞ்சிரம், சங்கரா, இறால் எல்லாவற்றின் மேலும் மினுமினுவென்று சில்லுகள். எது ஐஸ், எது கண்ணாடி என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு துண்டு மீனைக்கூட இனி யாருக்கும் கொடுக்க முடியாது.

அவளுடைய ரிமோட், சாவிக்கொத்தோடு டிரைவர் சீட்டில் கிடந்தது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ஷட்டருக்கு இருப்பது இரண்டே ரிமோட். இன்னொன்று மாடியில், வீட்டுக்காரர் அய்யாதுரையிடம்.

"பண்ணிட்டான்யா அந்த ஆளு," என்று வாய்விட்டுச் சொன்னாள் ஜான்சி.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. கொட்டிவாக்கம் குப்பத்தில் அவள் வீடு. கணவன் மிக்கேல் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். அவன் கொண்டுவருவதோடு காசிமேட்டிலும் ஏலம் எடுத்து, போனில் ஆர்டர் வாங்கி, அடையாறு, மந்தைவெளி, தி. நகர் ஃப்ளாட்டுகளுக்கு வீடு வீடாக மீன் கொடுத்துவந்தாள் ஜான்சி. குப்பத்துச் சந்துக்குள் கார் நுழையாது என்பதால் சாஸ்திரி நகரில் அய்யாதுரையின் கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள். உள்சுவரை ஒட்டி ஃப்ரீசர். அதனால் கார் முழுவதும் உள்ளே போகாது. மூக்கு ஃப்ரீசரை இடிக்கிற மாதிரி நிறுத்தினாலும் பின்பக்கம் ஷட்டருக்கு நேர் கீழேதான் நிற்கும். டிக்கியைத் தூக்கினால் கதவு சரியாக ஷட்டர் இறங்கும் வழியில் நிற்கும். வந்த புதிதில், பாதி ஏறிய ஷட்டரின் விளிம்பில் டிக்கியை இடித்துச் சிராய்ப்பு வாங்கியதுண்டு. அன்றிலிருந்து ஷட்டர் உச்சிக்குப் போய் நின்ற பிறகுதான் டிக்கியில் கை வைப்பாள்.

போன மாதம் அய்யாதுரை மாடிப்படியில் நின்றபடியே சொல்லியிருந்தார். "பக்கத்து ஃப்ளாட்டுல மீன் வாடைன்னு சொல்லுதாங்கம்மா. வேற இடம் எதுவும் கிடைக்குதான்னு பாரேன்." அவள் பார்க்கவில்லை. போன வாரம் ஒருநாள் விடியற்காலையில் வந்தபோது ஷட்டர் முழுவதுமாகத் திறந்துகிடந்தது. உள்ளே தெருப்பூனைகள் எல்லாம் கூடி, தெர்மாகோல் பெட்டிகளைக் குதறிப் போட்டிருந்தன. முந்தின நாள் அவளே மூடிவிட்டுப் போன ஷட்டர். வெளியே துரத்தத்தான் இப்படிச் செய்கிறார் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. இன்றைக்கு அது உறுதியாகிவிட்டது.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். அய்யாதுரை துண்டும் பனியனுமாக வந்து திறந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மாடியில் தனியாக இருக்கிறார். நாற்பது வருடமாகச் சென்னையில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"இன்னா அண்ணாச்சி, என்ன கொல்லப் பாக்குறியா?"

"என்னம்மா சொல்லுத?"

"ஷட்டர எதுக்கு எறக்குன? உள்ள ஆள் கீதுன்னு தெரியாதா உனக்கு?"

"நான் எங்க இறக்குனேன்? இப்பத்தான் குளிச்சிட்டு வாரேன். ரிமோட்டு அந்தா டிவி மேல கிடக்கு பாரு."

"என்து வண்டில கீது. உன்து டிவி மேல கீது. அப்போ ஷட்டர் தானா எறங்குச்சா?"

அய்யாதுரை முகம் இறுகியது. "நீதான் எங்கயாவது பொத்தானை அமுக்கியிருப்ப. உன் கவனக்குறைவுக்கு என் வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடாத, கேட்டியா. என் ஷட்டர் தகடும் நெளிஞ்சிருக்கும், அதையும் நான் பாக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளை எரித்துவிட்டது. கீழே இறங்கியவள் நேராகத் தெருமுனைக்குப் போனாள். அங்கே பொன்ராஜ் இஸ்திரி வண்டி போட்டிருந்தான். காலை நேரத்தில் அந்த வண்டியைத் தாண்டாமல் தெருவில் யாரும் போவதில்லை. அவள் சொன்னதைப் பொன்ராஜ் கேட்டான். துணி கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். வாக்கிங் போய்விட்டுத் திரும்பியவர்கள் நின்று கேட்டார்கள். "ஆள் உள்ள கீதுன்னு தெரிஞ்சே அண்ணாச்சி எறக்கிட்டாரு," என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல அதுதான் நடந்தது என்று அவளுக்கே உறுதியாகிப்போனது.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் மெஹபூப் அலியின் டிங்கரிங் பட்டறை. டிக்கியைக் கயிற்றால் கட்டி, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகத் தார்ப்பாய்த் துண்டை ஒட்டி, மிக்கேலும் ஜான்சியும் வண்டியை அங்கே கொண்டுபோனார்கள். மெஹபூப் அலி கயிற்றை அவிழ்த்து, கதவை இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி மட்டும் போட்டா நிக்காதுமா. கீல் வளைஞ்சிடுச்சி. மூடினா இந்தப் பக்கம் வெரல் போற அளவு சந்து விடுது பாரு. மழை வந்தா தண்ணி மொத்தம் உள்ளதான். தூக்கிப் புடிக்கிற கம்பி ரெண்டும் போச்சு. தூக்கினா நிக்காம தலைல விழும். கதவையே மாத்திடு. புதுப்பேட்டைல பழசு கெடைக்கும், கண்ணாடியோட."

கிடைத்தது. ஆனால் சிவப்பு. வெள்ளி நிறக் காருக்குச் சிவப்புக் கதவு.

"கலர் அடிச்சித் தரட்டா?"

"வேணாம் பாய்," என்றாள் ஜான்சி. "ஓட்னா போதும். ஆர்டர்லாம் கைய வுட்டுப் போய்க்கினு கீது."

கீலைப் பொருத்திக்கொண்டே மெஹபூப் அலி கேட்டார். "எப்படி ஆச்சு?"

ஜான்சி சொன்னாள். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "யாரு அமுக்கினாங்கன்றத விடுமா. வண்டி ஷட்டருக்குக் கீழ நிக்கிற வரைக்கும் இது திரும்ப நடக்கும். ஃப்ரீசர ஓரமா தள்ளி, வண்டிய இன்னும் உள்ள விடு. அப்புறம் ஷட்டருக்குக் கண்ணு வெச்சிடு. கீழ ரெண்டு பக்கமும் சின்னதா ஒண்ணு மாட்டுவாங்க. நடுவுல ஆள் நின்னா ஷட்டர் எறங்காது."

"ஆளக் கொல்லணும்னு ஒருத்தன் நெனச்சா கண்ணு இன்னா பாய் பண்ணும்?"

மிக்கேல் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் ஜான்சிக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்தால் கத்துகிறவன் அவன். இரண்டு நாளாகக் கத்தவே இல்லை.

வண்டி திரும்பி வந்த மறுநாள், மிக்கேல் எங்கிருந்தோ ஒரு டிரில்லிங் மெஷினை வாங்கிவந்தான். ஷட்டர் ஓடும் இரும்புச் சட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஓட்டை போட்டு, அதில் தடியான போல்ட்டைச் செருகிவிட்டால், எவன் எத்தனை முறை அமுக்கினாலும் ஷட்டர் அதற்குக் கீழே இறங்காது என்பது அவன் கணக்கு. மெஷின் சத்தம் கேட்டு அய்யாதுரை இறங்கி வந்தார்.

"என்னடே பண்ணுத? யாரக் கேட்டு ஓட்டை போடுத?"

மிக்கேல் மெஷினை நிறுத்தவில்லை. இரும்புத் தூள் பறந்தது.

"நிறுத்துடே! போல்ட்டை மறந்து விட்டுட்டு மோட்டாரை ஓட்டுனா மோட்டார் எரிஞ்சிரும். அந்த வயரு உங்க ஃப்ரீசர் வயரோடதான் போகுது. தீப்பிடிச்சா மாடில நான்தான் கிடக்கேன்."

மிக்கேல் மெஷினைச் சட்டத்திலிருந்து உருவிக்கொண்டு திரும்பினான். கையில் அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. "என் பொண்டாட்டி மேல எறக்கும்போது உனுக்கு அது தோணலயா?"

"நான் இறக்கல."

"தானா எறங்குச்சாம்."

மிக்கேல் ஒரு அடி முன்னால் வைத்தான். கிழவர் பின்வாங்கவில்லை.  ஜான்சி நடுவில் புகுந்து கணவனின் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். 

"யோவ், வுடுயா. வாயா இந்தாண்ட."

"மாசக் கடைசியில காலி பண்ணிருங்க," என்றார் அய்யாதுரை. 

"பண்றோம்," என்றான் மிக்கேல். "அதுக்குள்ள இன்னொரு வாட்டி எறங்குச்சுன்னு வெச்சிக்க, நான் மாடிக்கு வருவேன்."

போல்ட் போடாமல் ஓட்டை பாதியோடு நின்றது. அதன் பிறகு ஜான்சி ஒவ்வொரு காலையும் ஒரு கண்ணை ஷட்டர் மேலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தாள். குனியும்போதெல்லாம் பிடரி கூசியது. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். மிக்கேல் கூட இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் ஒரு பயம். இன்னொரு முறை ஷட்டர் இறங்கினால் அடி யாருக்கு விழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுக்கா, தனக்கா, இல்லை அந்தக் கிழவருக்கா?

சில நாள் கழித்து ஒரு காலை, மிக்கேல் தெருமுனைக் கடையில் டீ வாங்கப் போயிருந்தான். ஜான்சி டிக்கியைத் திறந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம். அய்யாதுரை வந்து ஷட்டருக்கு வெளியே நின்றார். வெள்ளைச் சட்டை, வேட்டி. முகத்தில் சவரம் செய்யாத நரை. கையில் ரிமோட்.

"இந்தா," என்று நீட்டினார். "ரெண்டையும் நீயே வச்சுக்க."

ஜான்சி வாங்காமல் பார்த்தாள்.

"பிடிம்மா. என் கூட நடக்க வாறவன் ஒருத்தனும் இப்ப என்கூட நடக்கல. நேத்து ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேக்கான், 'மீன்காரம்மா மேல ஷட்டரை இறக்கினீராமே'ன்னு. எனக்கு எழுபது வயசாகுது. நான் யாரையும் கொல்லல. இதை நீயே வச்சிருந்தா இனி என்னைச் சொல்ல முடியாதுல்லா."

அவள் வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே தன் ரிமோட்டை இடது கையில் வைத்திருந்தாள். இப்போது இரண்டு கையிலும் ஒவ்வொன்று.  அவர் பேச்சில் நடிப்பு இல்லை என்று ஒரு மனம் சொன்னது. பின்னே யார் இறக்கினார்கள் என்று இன்னொரு மனம் கேட்டது.

அய்யாதுரையும் உடனே போய்விடவில்லை. உள்ளே தள்ளிக் கிடந்த பெரிய ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "அதை ஏன் தனியா இழுத்துக்கிட்டுக் கிடக்க? தள்ளு," என்று டிக்கிக்குள் குனிந்து, கை எட்டாமல் இன்னும் உள்ளே சாய்ந்து, பெட்டியின் பிடியைப் பற்றினார்.

மேலே மோட்டார் உறுமியது.

ஜான்சியின் கண் முதலில் தன் கைகளுக்குத்தான் போனது. இரண்டு ரிமோட்டும் அங்கே இருந்தன. விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை. ஆனால் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி! வெளிய வா!"

அவர் தலையைத் தூக்குவதற்குள் ஷட்டர் சிவப்புக் கதவை அடித்தது. கதவு அவர் முதுகை அடித்தது. "அம்மா!" என்று ஒரு சத்தம். பிறகு சத்தம் ஐஸுக்குள் அமுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே. செருப்பு தரையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

ஜான்சி மேல் பொத்தானை அமுக்கினாள். ஷட்டர் நின்று, திணறி, ஏறத் தொடங்கியது. கதவும் கொஞ்சம் எழும்பியது. அவர் கையை ஊன்றி நிமிரப் பார்த்தார். அதற்குள் ஷட்டர் மறுபடி திரும்பி இறங்கி, கதவோடு அவரை உள்ளே அமுக்கியது. இப்போது அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

அவள் திரும்ப அமுக்கினாள். ஏறியது. இறங்கியது. யாரோ எதிரில் நின்று அவளோடு மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தது. ஏற்றினால் இறக்குகிறது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிழவரின் முதுகில் ஒரு அடி.

ரிமோட்டால் ஆகாது. மெயின் சுவிட்ச் ஷெட்டுக்குள்ளே, ஃப்ரீசருக்குப் பக்கத்துச் சுவரில். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே, காரின் பக்கத்தில், ஆள் குனிந்து போகிற இடைவெளி இருந்தது. அந்தக் கீல் இன்னொரு முறை விட்டுக்கொடுத்தால் அந்த இடைவெளியும் இருக்காது. அவள் யோசிக்கவில்லை. குனிந்து, சுவரோடு முதுகைத் தேய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். காரின் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் துப்பட்டா சிக்கிக்கொண்டது. பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

மோட்டார் அடங்கியது. ஃப்ரீசரும் அடங்கியது. ஆனால் ஷட்டரின் பாரம் அப்படியே கதவின் மேல் இருந்தது. கரண்ட் இல்லாதபோது ஏற்றுவதற்கென்று ஓரத்தில் சங்கிலி தொங்கும். அவள் அதைப் பற்றி இழுத்தாள். துருவேறிய சங்கிலி உள்ளங்கையை அறுத்தது. ஷட்டர் சாண் சாணாக ஏறியது. கதவு அவர் முதுகை விட்டு விலகுவது தெரிந்தது.

"அண்ணாச்சி! நவுரு! பின்னாடி நவுரு!"

அய்யாதுரை மெதுவாகப் பின்னால் சரிந்து, காருக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். கன்னத்தில் ஐஸ் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. ஜான்சி சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டு ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கினாள். பிறகுதான், ஒரு பெரிய விம்மலோடு அவருக்கு மூச்சு வந்தது.

அப்போது தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன கருமம் இது, மூடினா திறக்குது!"

எதிர் வீட்டுப் பாரத். ஆபீஸ் கிளம்பியிருந்தான். கார் தெருவில் நின்றது. அவன் இறங்கி, புதிதாகப் போட்ட தன் வீட்டுத் தள்ளு கேட்டைப் பார்த்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். கேட் மூடிக்கொண்டது. அவன் தலையை ஆட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினான்.

ஜான்சி கேட்டைப் பார்த்தாள். உள்ளே புகும்போது கீழே விட்டிருந்த ரிமோட்டில் ஒன்றை எடுத்தாள். மேல் பொத்தானை அமுக்கினாள்.

அவளுடைய ஷட்டருக்குக் கரண்ட் இல்லை. அது அசையவில்லை. எதிர் வீட்டுக் கேட் திறந்துகொண்டது.

அய்யாதுரையும் பார்த்தார். "இன்னொரு தரம் அமுக்கு," என்றார், விலாவைப் பிடித்துக்கொண்டே.

கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். கேட் மூடியது.

பாரத் திரும்பினான். தெருவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த கிழவரையும், கையில் ரிமோட்டோடு நின்ற மீன்காரப் பெண்ணையும், மறுபடி தன் கேட்டையும் பார்த்தான். அவன் முகம் மாறியது. ஓடிவந்தான்.

டீயோடு வந்த மிக்கேல் தூரத்திலிருந்தே கிழவர் தரையில் கிடப்பதைப் பார்த்து, டீத் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவர் மேல்தான் பாய்கிறான் என்று நினைத்து ஜான்சி குறுக்கே போனாள்.

"அவர் இல்லய்யா! அவர் எதுவும் பண்ணல!" என்று கத்தினாள். "அந்த வூட்டு கேட்டும் நம்ப ஷட்டரும் ஒண்ணு. அவங்க மூடுனா இது எறங்குது!"

மிக்கேலுக்குப் பாதிதான் புரிந்தது. அய்யாதுரை அவனை நிமிர்ந்து பார்த்தார். "மாடிக்கு வருவேன்னு சொன்னல்லா. இங்கயே வந்துட்டேன். தூக்கு."

மிக்கேல் தூக்கினான். நசுங்கிய டிக்கியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, அதே காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விலா எலும்பில் கீறல். வேறு ஆபத்தில்லை என்றார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே மிக்கேல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாத, சிரிப்பு வந்தாக்கூட வலிக்கி," என்றார் அய்யாதுரை.

கேட்டுக்கு மோட்டார் மாட்டிய ஆளை பாரத் அன்றே வரவழைத்தான். இரண்டும் ஒரே மாதிரி மோட்டார். கம்பெனியிலிருந்து வந்த ரிமோட் எண்ணை மாற்றாமல் அப்படியே இரண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். எதிரெதிர் வீடு என்பதால் தெருவில் நின்று அமுக்கினால் சிக்னல் இரண்டு பக்கமும் எட்டிவிடுகிறது. வீட்டுக்குள்ளிருந்து அமுக்கினால் எட்டுவதில்லை. அதனால்தான் என்றைக்கோ ஒருநாள் மட்டும் இப்படி நடந்திருக்கிறது. பூனைகள் புகுந்த அன்று தெருவில் நின்று கேட்டைத் திறந்து, உள்ளே போய் மூடியிருக்கிறார்கள். அந்த ஆள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எண்ணை மாற்றிக் கொடுத்தான். ஷட்டருக்குக் கண்ணும் பொருத்தினான். ஃப்ரீசரை மிக்கேலும் பாரத்தும் சேர்ந்து பக்கச் சுவருக்குத் தள்ளினார்கள். கார் இப்போது முழுவதும் உள்ளே போனது. டிக்கியை எவ்வளவு தூக்கினாலும் ஷட்டரின் வழிக்கு வரவில்லை. மெஹபூப் அலி மறுபடி கீலைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசிச் சமன் செய்து கொடுத்தார்.

காலி செய்வது பற்றி அய்யாதுரையே பேச்செடுத்தார். "இருங்க. ஆனா மீன் கழுவுற தண்ணி தெருவுல ஓடக் கூடாது. பக்கத்து ஃப்ளாட்காரன் சொல்லுததுல பொய் இல்ல." ஜான்சி சரி என்றாள். அது நியாயம்தான்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஃப்ரீசரைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாரத் மெல்லச் சொன்னான். "எங்க கேட் ரெண்டு மூணு தடவ விடியக்காலைல திறந்தே கிடந்துச்சு. ஒருநாள் சைக்கிள் காணாமப் போச்சு. வாசல் தெளிக்க வர்ற தேவானையம்மாதான் திறந்து போட்டுட்டுப் போறாங்கன்னு..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. சைக்கிள் காணாமல் போன அந்தக் காலை ஜான்சி இங்கேதான் இருந்தாள். தேவானை தெரு நடுவில் துடைப்பத்தோடு நின்று, "நான் சாத்திட்டுத்தான் தம்பி போனேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னதையும், பாரத் நம்பாமல் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டதையும் மீன் நறுக்கிக்கொண்டே பார்த்திருந்தாள். வேலையில் இருக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டாமா என்றுகூட நினைத்தாள். அன்றைக்கு விடியலில் தெருவில் காரை நிறுத்தி ஷட்டரைத் திறந்தவள் அவள்தான். அந்தக் கேட்டைத் திறந்ததும் அவள் விரல்தான்.

"போன் போடுங்க," என்றாள்.

பாரத் தயங்கினான். பிறகு போட்டான். ஜான்சி ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். பாரத் நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு வரச் சொன்னான். அந்தப் பக்கம் பேருந்து இரைச்சல் கேட்டது.

"நான் வேளச்சேரில வேற வூட்டுக்குப் போய்க்கினு கீறேன் தம்பி," என்றாள் தேவானை. "அத்த வுட்டு வர முடியாது. நீ என்னாண்ட மட்டும் சொன்னா போதாது. என்னத் தெருவுல நிக்க வெச்சுக் கேட்ட. நாலு பேரு பாத்தாங்க. அதே தெருவுல, அந்த நாலு பேருகிட்ட சொல்லு. எனுக்கு அது போதும்." அவளே போனை வைத்துவிட்டாள்.

பாரத் போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவன் சொல்வானோ மாட்டானோ ஜான்சிக்குத் தெரியாது. தனக்கு என்ன வேலை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை மீன் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் பொன்ராஜின் வண்டிக்குப் போனாள்.

"அண்ணாச்சி ஷட்டர எறக்கல. அவர் மேல நான் சொன்னது தப்பு."

பொன்ராஜ் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நான் அப்பவே நம்பலக்கா," என்றான்.

"நம்புன," என்றாள் ஜான்சி. "நான் அழுதுகினே சொன்னேன், நீ நம்புன. எல்லார்கிட்டயும் சொன்ன."

அவன் தலை குனிந்துகொண்டான். பூங்கா பக்கத்திலிருந்து வாக்கிங் முடித்தவர்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். அய்யாதுரையோடு நடந்து, இப்போது நடக்காமல் இருப்பவர்கள். போன் அடித்தது. மந்தைவெளியிலிருந்து ஆர்டர் கேட்கிறார்கள். அவள் எடுக்கவில்லை. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, தெருவின் நடுவே போய் அவர்களை நிறுத்தினாள்.

"சார், ஒரு நிமிசம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."